இதய ஆபரேஷன் ஆன தம்பியை நடக்க வைக்கலாமா?

கொங்குப் பக்கத்துச் சிறு ஊர் ஒன்றிலிருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன், வேறு சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

அவருடைய தம்பிக்கு 26 வயது, டவுன் சிண்ட்ரோம் (பிறக்கும்போதே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலை). இரண்டு வயதில் இதயத்தில் இருந்த ஓட்டையை ஆபரேஷன் செய்து அடைத்தார்கள். 18 வயது வரை சிறப்புப் பள்ளி. வேன் வரும், அங்கே விளையாட்டு உண்டு, கூட்டாளிகள் உண்டு. பள்ளி முடிந்ததிலிருந்து வீடு, டிவி, செல்போன். 58 கிலோ இருந்தவர் இப்போது 81 கிலோ. மொட்டை மாடிக்கு ஏறச் சொன்னால் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிறார். ராத்திரி பயங்கரக் குறட்டை, பகலில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறார். கோபத்தைக் குறைக்க ரிஸ்பெரிடோன் மாத்திரை மூன்று வருடமாக ஓடுகிறது. மூச்சு வாங்குகிறதே என்று மருத்துவரிடம் காட்டி, டிரெட்மில் டெஸ்ட் எடுத்தால், நான்கே நிமிடத்தில் நிறுத்திவிட்டார். நாடித்துடிப்பு 138 வரைதான் போயிருக்கிறது. ரிப்போர்ட்டில் ‘இலக்குத் துடிப்பை எட்டவில்லை, போதிய முயற்சி இல்லை’ என்று வந்திருக்கிறது.

அப்பா ‘சோம்பேறித்தனம்’ என்கிறார். அம்மா ‘ஆபரேஷன் பண்ணின உடம்பு, தொந்தரவு பண்ணாதீங்க’ என்கிறார். ஒரு ஜிம்மில் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு இடத்தில் பயிற்சியாளர், நாடியை 165-க்கு ஏற்றினால்தான் கொழுப்பு கரையும், மூன்று மாதத்தில் இளைக்க வைக்கிறேன் என்கிறார். ‘இந்த மாதிரிப் பிள்ளைகள் ரொம்ப நாள் இருக்க மாட்டார்கள் என்கிறார்களே, அப்படியிருக்க அவனைப் போட்டு வருத்தணுமா, டாக்டர்?’ என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கேள்விகளும் அந்தப் பயத்தின் மேல்தான் நிற்கின்றன. நீங்கள் கேள்விப்பட்டது பழைய காலத்து உண்மை. அமெரிக்காவில் 1983-ல் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் ஆயுள் சராசரியாக 25 வயதுதான், இன்று அது 60 வயதை ஒட்டி வந்திருக்கிறது. இந்த மாற்றத்தில் பெரும்பங்கு குழந்தைப் பருவ இதய ஆபரேஷனுக்கு உண்டு. டவுன் சிண்ட்ரோமுடன் பிறக்கும் குழந்தைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இதயத்தில் ஏதாவது ஒரு குறை இருக்கும். அதைக் கவனிக்காமல் விட்ட காலத்தில்தான் அவர்களைச் சின்ன வயதிலேயே இழந்தோம். உங்கள் பெற்றோர் தம்பிக்கு இரண்டு வயதிலேயே அந்த வேலையை முடித்திருக்கிறார்கள். அந்த நாளில் அதற்கு எவ்வளவு அலைந்திருப்பார்கள், எவ்வளவு கடன் பட்டிருப்பார்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அதனால் தம்பிக்கு 50, 60 வயது வரை வாழ்க்கை இருக்கிறது என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். ‘இருக்கும்வரை நிம்மதியாக உட்கார்ந்திருக்கட்டும்’ என்று விட்டால், அந்த வருடங்களை மூச்சிரைப்போடும் முழங்கால் வலியோடும் சர்க்கரையோடும் அவர் கழிக்க வேண்டியிருக்கும்.

அந்த டிரெட்மில் ரிப்போர்ட்

உங்கள் அப்பாவிடம் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். தம்பி சோம்பேறி இல்லை, அன்றைக்கு அவர் தன்னால் ஆனதைச் செய்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

டிரெட்மில்லில் எல்லோருக்கும் போடும் கணக்கு 220-இலிருந்து வயதைக் கழிப்பது. 26 வயதுக்கு 194 வரும், அதில் 85 சதவீதம், அதாவது 165 வந்தால் டெஸ்ட் போதுமானது என்று எழுதுவார்கள். இந்தக் கணக்கு டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குப் பொருந்தாது. நமக்கெல்லாம் ஓடும்போது உடம்பு அட்ரினலின் வகை ஹார்மோன்களைச் சுரந்து இதயத்தை விரட்டும். அவர்களுக்கு அந்தச் சுரப்பும், அதை இயக்கும் நரம்புகளின் தூண்டுதலும் குறைவாகவே இருக்கும். அதனால் எவ்வளவு முயன்றாலும் அவர்களின் உச்சத் துடிப்பு மற்றவர்களைவிடச் சுமார் 30 குறைவாகத்தான் நிற்கும். 2001-ல் உடற்பயிற்சி ஆய்வாளர் போ ஃபெர்ன்ஹாலும் அவருடன் வேலை செய்தவர்களும் இதற்கென்றே தனிக் கணக்கு ஒன்றைக் கொடுத்தார்கள்: வயதை 0.56-ஆல் பெருக்கி 210-இலிருந்து கழித்து, டவுன் சிண்ட்ரோம் என்றால் மேலும் 31 கழிக்க வேண்டும். உங்கள் தம்பிக்கு அப்படிப் போட்டால் வருவது ஏறக்குறைய 164.

இப்போது பாருங்கள். ரிப்போர்ட் கேட்ட 165 என்பது அவருடைய இதயத்தின் முழு உச்சம். அவர் எட்டிய 138 அந்த உச்சத்தில் 84 சதவீதம். மற்றவர்களுக்கு எந்த அளவைப் போதும் என்கிறோமோ அதற்கு ஒரு சதவீதம்தான் குறைவு. ஆளுக்கு ஆள் இது பத்து துடிப்பு முன்னே பின்னே இருக்கும், அதனால் இதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதோடு டிரெட்மில் பட்டை ஓடும் சத்தம், நெஞ்சில் ஒட்டிய ஒயர்கள், அறிமுகமில்லாத ஆட்கள் என்று எல்லாம் சேர்ந்து ஒருவரைப் பயமுறுத்தவும் செய்யும். முன்கூட்டி ஒருநாள் கூட்டிப்போய்ச் சும்மா ஏறி நடந்து பழக விட்டிருந்தால் இன்னும் இரண்டு நிமிடம் நடந்திருக்கலாம்.

அந்த ஜிம் பயிற்சியாளர் 165 என்று சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அதனால்தான். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தினமும் எல்லோருக்கும் சொல்வதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் உங்கள் தம்பியை அந்த எண்ணுக்குத் துரத்துவது, நடக்கத் தொடங்குபவரை முதல் நாளே முழு வேகத்தில் ஓடச் சொல்வதற்குச் சமம். வேண்டாம், அங்கே சேர்க்காதீர்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 138 என்பது முயற்சிக் குறைவு இல்லை என்று நான் சொல்வதால் இதயம் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. இதயத்தின் நிலையை எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) பார்த்துத்தான் சொல்ல முடியும், அதற்கு வருகிறேன். நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எதையாவது அவர் சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். அப்படியானால் மேலே போட்ட கணக்கும் மாறும்.

மூச்சிரைப்பு டவுன் சிண்ட்ரோமால் வந்ததா?

ஓரளவு ஆமாம். உச்சத் துடிப்பு குறைவு, தசைகளின் இறுக்கம் குறைவு, மூட்டுகள் தளர்வு என்று அவர் தொடங்கும் இடமே கொஞ்சம் கீழேதான். ஆனால் 18 வயதில் படியேறிய பையன் 26 வயதில் பாதியில் உட்காருகிறார் என்றால், இடையில் குரோமோசோம் மாறவில்லை. வேன் வருவது நின்றது. அவ்வளவுதான் நடந்தது.

1960-களின் தொடக்கத்தில் டொராண்டோவில் ஃபிராங்க் ஹைடன் என்ற உடற்கல்வி ஆய்வாளர், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளைச் சோதித்தபோது அவர்களின் உடல்தகுதி மற்ற பிள்ளைகளில் பாதி அளவே இருந்தது. அந்தக் குறைபாடே இதற்குக் காரணம் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். அவர் முறையாகப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார், பிள்ளைகள் தேறினார்கள். ஓட விடாமல் உட்கார வைத்ததே முக்கியக் காரணம் என்று காட்டினார். அந்த வேலைதான் பின்னால் அமெரிக்க அதிபர் கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவரின் முயற்சியோடு சேர்ந்து 1968 ஜூலையில் சிகாகோவில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான விளையாட்டுப் போட்டியான முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸாக ஆனது. அறுபது வருடம் ஆகியும் நம் ஊரில் சிறப்புப் பள்ளியை முடித்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் டிவி முன்னால் ஒரு நாற்காலிதான் கிடைக்கிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. அது உங்கள் குடும்பத்தின் குற்றம் இல்லை, 18 வயதுக்கு மேல் அவர்கள் எங்கே போவார்கள் என்று யாருமே யோசிக்காததன் விளைவு.

நடக்கத் தொடங்கும் முன்

இவற்றை ஒரே மாதத்தில் முடித்துவிடலாம்.

முதலில் எக்கோவும் ஈசிஜியும். சின்ன வயதில் அடைத்த ஓட்டையில் கசிவு மிச்சம் இருக்கிறதா, நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாயில் அழுத்தம் ஏறியிருக்கிறதா, வால்வுகள் கசிகின்றனவா என்று பார்க்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குப் பெரியவர்களான பிறகு புதிதாக வால்வுக் கோளாறு வருவதுண்டு. நுரையீரல் அழுத்தமும் மற்றவர்களைவிடச் சுலபமாக ஏறும். எக்கோ சரியாக இருந்தால் ‘ஆபரேஷன் ஆன உடம்பு’ என்ற தடை அங்கேயே முடிந்தது, நடக்கலாம், ஆடலாம், விளையாடலாம். அழுத்தம் அதிகம் என்று வந்தால் நான் கீழே சொல்லும் எதையும் இதய மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள், அந்த நிலையில் கடும் முயற்சி உண்மையிலேயே ஆபத்து. அம்மாவின் பயத்துக்கு மரியாதை கொடுக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

அடுத்து குறட்டை. கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்தாலும் நான் இரண்டு முறை அடிக்கோடு போட்டேன். டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறது. ராத்திரி முழுக்க மூச்சுக்குப் போராடியவர் பகலில் தூங்கி வழியாமல் என்ன செய்வார்? நடக்கக் கூப்பிட்டால் எரிந்துவிழுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம், நீங்கள் சொல்லும் கோபத்தில் ஒரு பங்கும் அங்கிருந்து வரலாம். இதயத்தையும் அது கெடுக்கும். தூக்கப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள், தேவைப்பட்டால் மாஸ்க் வைத்துக் காற்று செலுத்தும் கருவி இருக்கிறது, பொறுமையாகப் பழக்கினால் பலரும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

தைராய்டு இரத்தப் பரிசோதனை வருடா வருடம் செய்ய வேண்டியது. எடை ஏறுவதும் சோர்வும் மந்தமும் தைராய்டு குறைவாலும் வரும், அதற்குத் தினம் ஒரு மாத்திரை போதும். கூடவே சர்க்கரை, கொழுப்பு, ஹீமோகுளோபின் பாருங்கள். ரிஸ்பெரிடோன் பசியைத் தூண்டி எடையை ஏற்றக்கூடிய மருந்து. அதை நீங்களாக நிறுத்தக் கூடாது, ஆனால் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் போய் இது இன்னும் தேவையா, அளவைக் குறைக்கலாமா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. மூன்று வருடமாக யாரும் மறுபரிசீலனை செய்யவில்லை என்றால் கட்டாயம் கேளுங்கள்.

கடைசியாகக் கழுத்து. இவர்களில் சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் பிடிப்பு தளர்வாக இருக்கும். கழுத்து வலி, தலையை ஒருபக்கம் சாய்த்துப் பிடிப்பது, நடை புதிதாகத் தள்ளாடுவது, கையில் பலம் குறைவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது என்று எதையாவது கண்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அறிகுறி இல்லாவிட்டாலும் குட்டிக்கரணம், சிரசாசனம், தலைகீழாகத் தண்ணீரில் குதிப்பது ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். யோகா வகுப்பில் சேர்த்தால் இதை ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு, எப்படி

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட உடலியக்க வழிகாட்டுதலில் முதன்முறையாக மாற்றுத்திறனாளிகளுக்கும் தனியாகச் சொல்லியிருக்கிறது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம், அத்துடன் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி. உங்கள் தம்பிக்கும் அதே அளவுதான் இலக்கு, அங்கே போய்ச் சேர ஆறு மாதம் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் இரண்டு வாரம் காலையில் பத்து நிமிடம், சாயங்காலம் பத்து நிமிடம், சமதளத்தில். உங்கள் ஊரில் சித்திரை வெயிலுக்குக் காலை நடையை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள், தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். தட்டைப் பாதமும் மூட்டுத் தளர்வும் இவர்களுக்குச் சகஜம், அதனால் செருப்பு போட்டு நடக்க வைக்காமல் குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் ஷூ ஒன்று வாங்குங்கள். வாரத்துக்கு வாரம் இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொண்டே போங்கள். நாடி பார்க்கத் தெரிந்தால் 100-க்கும் 130-க்கும் நடுவில் இருந்தால் நல்லது, ஆரம்பத்தில் கீழ்ப் பக்கமாகவே வைத்துக்கொள்ளலாம். நாடி பார்க்க விடமாட்டார் என்றால் பேச்சை வைத்தே அளக்கலாம்: உங்களோடு பேசிக்கொண்டு நடக்க முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும்.

பலத்துக்கு நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது போதும். எட்டு முறையில் தொடங்குங்கள். தொடைக்கு வலு வந்தால் படியேறுவது தானாகவே லேசாகும்.

முக்கியமாக ஒன்று. வலிக்கிறது, படபடக்கிறது, கண் இருட்டுகிறது என்று அவர் வாயால் சொல்லாமல் போகலாம். திடீரென்று நின்றுவிடுவது, நெஞ்சில் கை வைப்பது, முகம் வெளுப்பது, உதடு நீலமாவது, எப்போதும் ஆசையாக வருபவர் வரமாட்டேன் என்று அடம்பிடிப்பது, இவையெல்லாம் அவர் சொல்லும் விதம். ‘அவன் அப்படித்தான்’ என்று தள்ளிவிடாதீர்கள். மருத்துவர்களும் பல சமயம் அப்படித் தள்ளிவிடுகிறார்கள், அப்போது ‘இல்லை டாக்டர், போன மாதம் இவன் இப்படி இல்லை’ என்று நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டும். அவரை உங்கள் வீட்டில் பார்த்துக்கொண்டே இருப்பவர் நீங்கள்தான்.

எடை எவ்வளவு இறங்கியது என்று வாராவாரம் நிறுத்திப் பார்த்து மனம் உடைய வேண்டாம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுத்து நடந்த ஆய்வுகள் சிலவற்றில் உடம்பு பயன்படுத்தும் ஆக்ஸிஜனின் அளவு பெரிதாக மாறாதபோதும் அவர்கள் அதிக நேரம் நடந்தார்கள், அதிகச் சுமை தாங்கினார்கள். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு: ஆறு நிமிடத்தில் தெருவில் எதுவரை போகிறார், மொட்டை மாடிக்கு எத்தனை முறை நின்று ஏறுகிறார். மாதம் ஒருமுறை குறித்துவையுங்கள்.

அவர் வரமாட்டேன் என்றால்?

‘அவனுக்கு என்ன தெரியும், கட்டாயப்படுத்தலாமா’ என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயப்படுத்த வேண்டாம். அவர் 26 வயது ஆண். டவுன் சிண்ட்ரோம் இருப்பதால் விருப்பு வெறுப்பு இல்லாமல் போய்விடாது. நடையா, டான்ஸா, பந்தா, சைக்கிளா என்று அவரையே கேளுங்கள், இரண்டு படத்தைக் காட்டி ஒன்றைத் தொடச் சொன்னாலும் போதும். பலருக்கும் டான்ஸ் உயிர். பிடித்த ஐந்து பாட்டுக்கு ஆடினால் இருபது நிமிடம் போனதே தெரியாது, அதுவும் இதயத்துக்குப் பயிற்சிதான். ஒரே நேரம், ஒரே வழி, முடித்ததும் காலண்டரில் அவர் கையாலேயே ஒரு டிக். வழக்கமாகிவிட்டால் ஒரு நாள் நீங்கள் மறந்தாலும் அவர் ஷூவை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்.

நடந்ததற்குப் பரிசாகத் தின்பண்டம் மட்டும் கொடுக்காதீர்கள். அப்பா பேக்கரியில் பப்ஸ் வாங்கி வருவதும், போகிற வீட்டிலெல்லாம் ‘பாவம் புள்ள’ என்று முறுக்கும் மிக்சரும் கையில் திணிப்பதும் அன்பால்தான். அந்த அன்பை வேறு வழியில் காட்டச் சொல்லுங்கள்: அப்பா அவரோடு தினமும் டீக்கடை வரை நடந்து போய்ச் சர்க்கரை குறைத்த ஒரு டீ குடித்துவிட்டு வரட்டும். வீட்டில் மற்றவர்கள் பரோட்டா சாப்பிட அவருக்கு மட்டும் தனித் தட்டு என்றால் நடக்காது, சாப்பாட்டு மாற்றம் எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

ஜிம்மும் மற்ற வழிகளும்

சேர்க்க மாட்டோம் என்று சொன்ன ஜிம்மைப் பற்றி. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டுவதை ஏற்பதில்லை, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிட வழி இருக்கிறது. ஆனாலும் முதல் வேலையாக நான் அதைச் சொல்ல மாட்டேன். பெரும்பாலான இடங்களில் மறுப்பதற்குக் காரணம், ‘ஏதாவது ஆகிவிட்டால்’ என்ற பயம். எக்கோ சரியாக வந்ததும் இதய மருத்துவரிடம் என்ன செய்யலாம், எந்தத் துடிப்புக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போய்ப் பேசுங்கள், பாதிப் பேர் மனம் மாறுவார்கள். மாறாவிட்டால் புகார் கொடுப்பதா என்று அப்போது முடிவு செய்யலாம்.

உண்மையில் அவருக்கு ஜிம்மைவிடக் கூட்டாளிகள்தான் தேவை. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸின் இந்தியக் கிளையான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் அமைப்பின் போட்டிகளில் எட்டு வயதுக்கு மேல் யாரும் போட்டியிடலாம், மேல் வயது வரம்பு கிடையாது. அறிவுசார் குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே அணியில் ஆடும் பிரிவும் அதில் உண்டு, நீங்களே அவருடைய துணை ஆட்டக்காரராகச் சேரலாம். அவர் படித்த சிறப்புப் பள்ளியில் கேட்டால் மாவட்டத்தில் யாரைப் பார்ப்பது என்று சொல்வார்கள். பள்ளி மைதானத்தைப் பழைய மாணவர்களுக்கு வாரத்தில் இரண்டு மாலை திறந்துவிடச் சொல்லியும் கேட்டுப் பாருங்கள், உங்கள் தம்பியைப் போல வீட்டோடு இருப்பவர்கள் அந்தப் பக்கத்தில் இன்னும் பலர் இருப்பார்கள்.

செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எக்கோ, தூக்கப் பரிசோதனை என்று நான் அடுக்கிக்கொண்டே போனதால் சொல்கிறேன். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், புறநோயாளிச் செலவுகளும் அதில் வரும், சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை, ஆகவே பழைய இதய ஆபரேஷன் தடையாகாது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

எக்கோவுக்குத் தேதி வாங்கும்போதே இதய மருத்துவரிடம் கேட்க மூன்று கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள்: நுரையீரல் அழுத்தம் எவ்வளவு, வால்வு கசிகிறதா, எந்தத் துடிப்பு வரை போகலாம். ரிப்போர்ட் கைக்கு வருவதற்குள் படுத்தால் மூச்சு முட்டுகிறது, காலில் வீக்கம், மயக்கம் என்று எது வந்தாலும் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அழைத்துக்கொண்டு போய்விடுங்கள். ரிப்போர்ட் வந்ததும் எனக்கும் எழுதுங்கள், கூடவே தம்பி எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதையும்.